கருங்கலுக்கு மின்சாரப் பஸ் வருமா? குறுக்கே நிற்கும் ‘3 லட்சம்’ கணக்கு

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பஸ்கள் ஓடத் தொடங்கின. அதே ஆண்டு தமிழக பட்ஜெட் 1,125 மின்சாரப் பஸ்களை அறிவித்தது. அதில் சென்னைக்கு 950, மதுரைக்கு 100, கோவைக்கு 75. கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

கருங்கல் பஸ் நிலையத்தில் மார்த்தாண்டம், திங்கள்சந்தை, குளச்சல் பஸ்ஸுக்காக நிற்பவர்களுக்கு இதில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. நம்ம ரூட்டுக்கு எப்போ?

சென்னையில் நடப்பது என்ன?

மின்சாரப் பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நஷ்டத்தில் ஓடும் போக்குவரத்துக் கழகங்களால் அதை மொத்தமாக வாங்க முடியாது. அதனால்தான் ‘கிராஸ் காஸ்ட் கான்ட்ராக்ட்’ என்ற ஒப்பந்த முறை வந்தது.

இதில் பஸ்ஸை வாங்குவது, பராமரிப்பது, டிரைவரை நியமிப்பது எல்லாம் தனியார் நிறுவனத்தின் வேலை. சென்னையில் இதைச் செய்வது அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி. கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். டிக்கெட் பணமும் கழகத்துக்கே. பஸ் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பேசிய தொகையைக் கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் கூட்டம் இருந்தாலும் காலியாக ஓடினாலும் அந்தத் தொகை மாறாது.

நிறுவனங்களின் பயம் ஒன்றுதான்: கழகம் காசைச் சரியான நேரத்தில் தருமா? இதற்காகவே மத்திய அரசு 2024 செப்டம்பரில் 3,435 கோடி ரூபாயில் பணப் பாதுகாப்பு நிதிக்கு ஒப்புதல் தந்தது. கழகம் பாக்கி வைத்தால் நிதியிலிருந்து நிறுவனத்துக்குப் பணம் போகும். பிறகு அது மாநிலத்திடமிருந்து வசூலிக்கப்படும். 38,000-க்கும் மேற்பட்ட பஸ்களுக்கு இந்த ஏற்பாடு.

கருங்கல் ஏன் வெளியே நிற்கிறது?

மத்திய அரசின் ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்தில் பஸ் மானியம் முக்கியமாக 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 9 நகரங்களுக்கு. 10,000 பஸ்களுக்கான ‘பி.எம். இ-பஸ் சேவா’ 3 லட்சம் முதல் 40 லட்சம் வரை உள்ள நகரங்களுக்கு. இதில் 12 மீட்டர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 24 ரூபாய், 9 மீட்டருக்கு 22 ரூபாய், 7 மீட்டருக்கு 20 ரூபாய் என மத்திய உதவி உண்டு.

2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை சுமார் 2.25 லட்சம். மாவட்டத் தலைநகரே கோட்டுக்குக் கீழே என்றால், பேரூராட்சியான கருங்கலைப் பற்றிப் பேசவே வேண்டாம். தமிழக அரசின் 2023 மின்வாகனக் கொள்கை தேர்ந்தெடுத்த 6 நகரங்களிலும் மிக அருகில் இருப்பது திருநெல்வேலிதான்.

ஆனால் அதே 2011 கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். அவர்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். இங்கே ஒரு பெரிய நகரம் கிடையாது. ஒரு ஊர் முடியும் இடம் தெரியாமலே அடுத்த ஊர் தொடங்கிவிடும். நகரம் நகரமாக எண்ணும் திட்டத்தின் கண்ணில் இந்த நெருக்கம் படவில்லை.

இந்த ரூட்டுக்கு ஒத்துவருமா?

மின்சாரப் பஸ்ஸுக்குப் பொருத்தமானது குறைந்த தூரம், அடிக்கடி நிறுத்தம், இரவில் பணிமனைக்குத் திரும்பும் ஓட்டம். டவுன் பஸ் ஓடுவது அப்படித்தான். கருங்கலிலிருந்து நாகர்கோவில்கூட 30 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மேடும் இறக்கமும் குறுகிய வளைவுகளும் உள்ள இந்தச் சாலைகளுக்குச் சென்னையின் 12 மீட்டர் தாழ்தளப் பஸ் சரிப்படாது. 9 அல்லது 7 மீட்டர் பஸ்தான் தோது.

கார்பன் நிஜமாவே குறையுமா?

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பஸ் என்றால், கிலோமீட்டருக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். மின்சாரப் பஸ் அதே தூரத்துக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கும். நிலக்கரியை அதிகம் நம்பியிருக்கும் இந்திய மின்தொகுப்பில் 1 யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ.

அதாவது, பஸ் நிலையத்தில் புகை இருக்காது. ஆனால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியில் இருக்கும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்காமல் போடும் ஒப்பந்தத்தை ‘குறைந்த கார்பன்’ என்று சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் குமரி மாவட்டத்தின் கை ஓங்கியிருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்றான முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம்தான் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் காற்றாலை மின்சாரம், மற்ற மாதங்களில் பகல்நேர சோலார் சார்ஜிங் என ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

பக்கத்து ஊர்ப் பாடம்

திருவனந்தபுரத்துக்கு ஸ்மார்ட் சிட்டி நிதியில் 113 மின்சாரப் பஸ்கள் வந்தன. 2024 ஜனவரியில் கேரளப் போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ்குமார் இவை லாபம் தரவில்லை என்று சொன்னதும் பெரிய விவாதமானது. 10 ரூபாய் டிக்கெட்டில் ஓடும் பஸ்ஸிடம் லாபத்தை எதிர்பார்க்கலாமா என்பது ஒரு தரப்பின் கேள்வி.

தமிழகத்துக்கும் இது பொருந்தும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தத் தொகையை அரசுதான் கழகத்துக்குத் தருகிறது. அது தாமதமானால் கிலோமீட்டர் காசும் தாமதமாகும். கடைசியில் டிரிப் கட்டாகும். டிரிப் கட்டானால் ஜனம் பைக்கை எடுத்துவிடும். மிச்சப்படுத்திய கார்பனும் அதோடு போச்சு.

தொழிற்சங்கங்களின் கவலையும் சின்னதில்லை. டிரைவர் தனியார் ஆள் என்றால், கழகத்தின் நிரந்தர வேலைகள் என்ன ஆகும்? இதற்குப் பதில் இல்லாமல் போடும் டெண்டர் போராட்டத்தில்தான் முடியும்.

வழி இருக்கிறதா?

2022-இல் மத்திய அரசு நிறுவனமான சி.இ.எஸ்.எல். பெங்களூரு, டெல்லி, ஐதராபாத், சூரத், கொல்கத்தா ஆகிய 5 நகரங்களின் தேவையைச் சேர்த்து 5,450 பஸ்களுக்கு ஒரே டெண்டர் விட்டது. எண்ணிக்கை பெரிதானதும் விலை இறங்கியது. தனியாகக் கேட்டால் கருங்கலின் சில பஸ்களுக்காக எந்த நிறுவனமும் வராது. நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என மாவட்டத்தின் டவுன் பஸ் ரூட்டுகளை ஒரே தொகுப்பாக்கி, திருநெல்வேலியோடு சேர்த்துக் கேட்டால் கதை மாறும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கானது. அதில் நாகர்கோவில் 3 லட்சத்தைத் தாண்டினாலும் கருங்கல் தாண்டப்போவதில்லை. நகரத்தின் தலையை எண்ணுவதை விட்டுவிட்டு, ரூட்டில் தினமும் ஏறி இறங்கும் பயணிகளை எண்ணும் விதி வந்தால்தான் இந்த ஊர் பட்டியலில் ஏறும்.