ஆக்டேன் பக்தி

நம் ஊரில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கார் வைத்திருப்பவர்கள் தங்களுக்கென்று புதிதாக ஒரு தெய்வத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கு உருவம் கிடையாது; ஓர் எண் மட்டும் உண்டு. ஆக்டேன் என்று பெயர். 91 என்றால் சிறு தெய்வம். 95 என்றால் கொஞ்சம் பெரிய சன்னிதி. 100 என்றால் பரம்பொருள்தான், காணிக்கையும் அதற்கேற்றபடி.

இந்தப் பக்தியை நான் கண்டிக்கிறேன். காரணம் சொல்வதற்கு முன்னால் இரண்டு பக்தர்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

முதலாமவர் என் நண்பர். ஆயுள் முழுவதும் சிக்கனமாக இருந்துவிட்டு, ஐம்பத்தைந்தாவது வயதில் திடீரென்று, கைமாறி வந்த ஓர் ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். டர்போ வைத்த என்ஜின். அந்தக் காரைப் பற்றிய அமெரிக்கப் புத்தகம் ஒன்றைப் படித்தார். ‘91 ஆக்டேன் வேண்டும்’ என்று அதில் கண்டிருந்தது. அப்போது நம் ஊர்ச் சாதாப் பெட்ரோலும் 91 ஆகத்தான் இருந்தது; அதுவே போதும் என்று மகிழ்ந்து இரண்டு மாதம் அதையே ஊற்றினார். ஏற்காடு மலையில் ஏறும்போது, பின்னால் வந்த வாடகைக் கார் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே அவரை முந்திப் போயிற்று. மனிதர் இடிந்துபோனார்.

இரண்டாமவர் நண்பரின் அடுத்த வீட்டுக்காரர். அவரிடம் இருப்பது சாதாரணக் குடும்பக் கார். சாதாப் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டது. அவரோ கிடைக்கிற இடத்தில் எல்லாம் 100 ஆக்டேன் தேடிப் பிடித்து ஊற்றுகிறார். “வண்டி இப்போதுதான் ஸார் மூச்சு விடுகிறது” என்கிறார். மூச்சு விடுவது வண்டியல்ல, அவருடைய பணப்பை. அதுவும் பெருமூச்சு!

எவர் வாங்க வேண்டுமோ அவர் வாங்கவில்லை. எவருக்குத் தேவையில்லையோ அவர் வாங்குகிறார். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆக்டேன் என்றால் என்னவென்று இருவருக்குமே தெரியாது.

என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே ஏறிப் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் அழுத்துகிறது. சரியான தருணத்தில் பிளக் பொறி கொடுக்க, தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘நாக்’ என்று சொல்லும் அந்தத் தட்டல் ஓசை இதுதான். அப்படி அவசரப்பட்டு வெடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்தின் அளவே ஆக்டேன். ஐஸோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து, இரண்டுக்கும் நடுவே பெட்ரோலை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஆக, அந்த எண் பொறுமையை அளக்கிறது, பலத்தை அளக்கவில்லை. சந்தேகம் இருந்தால் எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் 100-க்கும் மேல். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எண் பெரிது, சரக்கு சிறிது!

பக்தர்கள் உடனே சரித்திரத்தை இழுப்பார்கள். “1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலால் அல்லவா புதுப் பலம் பெற்றன?” பெற்றன. ஆனால் பெட்ரோலை மாற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஆறே கால் ராத்தலிலிருந்து 12 ராத்தலாக உயர்த்தினார்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் பொறுமை புதிய பெட்ரோலுக்கு இருந்தது. அழுத்தத்தை உயர்த்தாமல் அதை ஊற்றியிருந்தால் விமானம் பழைய வேகத்தில்தான் பறந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் செய்வது அதுதான்.

என் நண்பர் காரில் நடந்தது வேறு. அது அழுத்தம் மிகுந்த என்ஜின். பொறுமையான பெட்ரோலை எதிர்பார்ப்பது. சாதாப் பெட்ரோலை ஊற்றியதும் தட்டலை உணரும் கருவி விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டர் பொறி கொடுக்கும் நேரத்தைத் தள்ளிப் போட்டது. என்ஜின் பிழைத்தது, வேகம் போயிற்று. இந்தக் கருவி இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால் பிஸ்டனே ஓட்டை விழுந்திருக்கலாம்.

மெக்கானிக் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஸார், பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எழுதியிருப்பதைப் படித்தீர்களா?” படிக்கவில்லை. உள்ளே ‘குறைந்தபட்சம் 95 ரோன்’ என்று ஒட்டியிருந்தது. அமெரிக்கர்கள் பம்பில் போடும் எண், இரண்டு விதச் சோதனைகளின் சராசரி. நாமும் ஐரோப்பியர்களும் சொல்வது ரோன் என்ற ஒரே சோதனையின் எண். அவர்களுடைய 91 நமக்கு ஏறக்குறைய 95 அல்லது 96. நம்முடைய 91 அவர்களுக்கு 87 தான். ஒரே எண், இரண்டு பொருள். நண்பர் ஏமாந்தது அங்கேதான்.

அப்புறம் அவர் எதிர்த் திசையில் ஓடினார். 95 போதும் என்று கார் சொல்கிறது. இவருக்கு 100 இல்லாமல் தூக்கம் வரவில்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் முதன்முதலாக 100 ஆக்டேனைச் சில நகரங்களில் விற்க ஆரம்பித்தபோது டில்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதாப் பெட்ரோல் அன்று ஏறக்குறைய அதில் பாதிதான். அவரோடு நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பங்க் அலைந்தேன். மூன்றில் சரக்கு இல்லை. நான்காவதில் பையனிடம், “இது எத்தனை ஆக்டேன் தம்பி?” என்றேன். “அதெல்லாம் தெரியாது ஸார். விலை ஜாஸ்தின்னா நல்லதுதானே?” என்றான்.

அந்தப் பையனை நான் குறை சொல்லமாட்டேன். படித்த நாம் நம்புவதைத்தான் அவன் பச்சையாகச் சொன்னான். விலை அதிகமான பள்ளிக்கூடம், விலை அதிகமான மருந்து, விலை அதிகமான பெட்ரோல். விலையே தரம் என்று எண்ணுகிறவனுக்குக் கேள்வி கேட்கும் தொல்லை மிச்சமாகிறது.

இது வெறும் பண விரயத்தோடு நின்றால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். இந்த எண்ணுக்காக உலகம் ஒருமுறை விஷம் குடித்திருக்கிறது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயத்தைச் சேர்த்த ஒரு திரவத்தைக் கலந்தால் தட்டல் நிற்கும் என்று கண்டார். எத்தனால் கலந்தாலும் நிற்கும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஈயமே கடைக்கு வந்தது. அதுவும் ஈயம் என்ற சொல்லை மறைத்து, ‘எத்தில்’ என்ற அழகான பெயரோடு. 1924-இல் நியூஜெர்ஸித் தொழிற்சாலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி மாண்டார்கள். முந்திய வருஷம் தாமே ஈய நோயில் படுத்த மிட்ஜ்லி, பத்திரிகைக்காரர்கள் முன் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டி, ஆபத்தில்லை என்று சாதித்தார். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த விஷப் புகையை இந்தியா விட்டொழித்தது 2000-இல். கடைசியாக அல்ஜீரியாவில் நின்றது 2021-இல். நூறு வருஷம்! பம்பில் எழுதியிருந்த பெயரைத் தாண்டி, உள்ளே என்ன என்று கேட்காததற்கு மனித குலம் கொடுத்த விலை அது.

ஆகவே, ‘ஆக்டேன் பூஸ்டர்’ என்று குப்பியில் அடைத்து விற்பதை வாங்குமுன்னும் கேளுங்கள்: உள்ளே என்ன? பத்து ‘பாயின்ட்’ உயரும் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஒரே ஓர் ஆக்டேன் எண்தான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் அன்பர்களே, உங்கள் கார் 95 கேட்டால் 95 கொடுங்கள். 98 கேட்டால் தேடி அலைந்தாவது கொடுங்கள். அதில் கஞ்சத்தனம் கூடாது. கேட்காத காருக்கு ஊட்டாதீர்கள். பசியில்லாத பிள்ளையின் வாயில் நெய்ச்சோற்றைத் திணிப்பது அன்பல்ல, ஆடம்பரம்.

என் நண்பர் இப்போது 95 தான் ஊற்றுகிறார். ஏற்காடு மலையில் யாரும் அவரை முந்துவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் மட்டும் இன்னமும் 100-ஐத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய காரின் டேங்க் மூடியைத் திறந்து காட்டலாம் என்று ஒருநாள் போனேன். “அதையெல்லாம் யார் ஸார் படிக்கிறார்கள்?” என்று சொல்லி மூடிவிட்டார்.