கதவறியாது தட்டும் கைகள்

பீடோர் நகரை ஊடறுத்துச் செல்லும் பழைய நெடுஞ்சாலை வடக்கே ஈப்போவுக்கும் தெற்கே கோலாலம்பூருக்கும் வழிகாட்டுகிறது. சாலை ஒன்று, திசைகள் இரண்டு. தாம் ஏறும் வண்டி எத்திசைக்குரியது என்று அறியாமல் எவரும் பயணச்சீட்டு வாங்குவதில்லை. ஆனால், அரசாங்கத்தை நாடிச் செல்லும்போது மட்டும் தமிழர் பலர் இவ்வெளிய விழிப்பையும் மறந்துவிடுகின்றனர். ஈப்போவில் கேட்க வேண்டியதைப் புத்ராஜெயாவில் கேட்கின்றனர். புத்ராஜெயாவில் கேட்க வேண்டியதை ஈப்போவில் கேட்கின்றனர். இரண்டிடத்திலிருந்தும் வெறுங்கையோடு திரும்பி, எல்லாம் தலையெழுத்து என்று நொந்துகொள்கின்றனர். அது தலையெழுத்தன்று, சட்டத்தின் எழுத்தைப் படியாததால் வந்த வினை.

மலேசியா ஒரு கூட்டரசு. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் அதிகாரத்தை ஒரே பேழையில் பூட்டி வைக்கவில்லை. ஒன்பதாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் வகுத்து அதனைப் பங்கிட்டது. குடியுரிமை, நிதி, தொழிலாளர், மருத்துவம், கல்வி ஆகியன கூட்டரசுப் பட்டியலில் அடங்கும். நிலம், காடு, ஊராட்சி ஆகியன மாநிலப் பட்டியலில் அடங்கும். சமூக நலன், நகர்த் திட்டமிடல் போன்றவை இரண்டுக்கும் பொது. வருமான வரியும் சுங்க வரியும் கூட்டரசின் கருவூலத்துக்குச் செல்கின்றன. நில வரி மாநிலத்தின் கருவூலத்துக்குச் செல்கிறது. எப்பட்டியலிலும் குறிக்கப்படாதது 77ஆம் பிரிவின்படி மாநிலத்துக்கு உரியது. இவ்வளவையும் ஒரு மாணவன் ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் தமிழ்ச் சமுதாயம் இன்றளவும் ஒதுக்கவில்லை.

இந்த அறியாமைக்கு விலையாகத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி கொடுத்தது கொஞ்சமன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. பால்மரக் காட்டுக்குள்ளே, லயங்களின் அருகே, தோட்டத்தின் நிலத்தில் பள்ளிகள் எழுந்தன. நாடு விடுதலை பெற்றபின் ஆசிரியரின் ஊதியத்தை அரசாங்கம் ஏற்றது. நிலமோ தோட்டத்தின் கையிலேயே தங்கிற்று. அதனாலேயே பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்ற பெயரோடு நின்றன. கூரை ஒழுகினாலும் சுவர் வெடித்தாலும் நிலம் யாருடையது என்ற கேள்வியே முதலில் வந்து வழிமறித்தது. ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், நிலங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும், மக்கள் பீடோர், தாப்பா, சுங்கை என்று பட்டணங்களை நோக்கிப் பெயர்ந்ததும் பள்ளியின் காலடியையே பறித்தன.

அப்போது என்ன விடை கிடைத்தது? நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்றது மத்திய அலுவலகம். கல்வி மத்திய அரசின் அதிகாரம் என்றது மாநில அலுவலகம். மண் எங்கள் உடைமை என்றது தோட்ட நிருவாகம். மூன்றும் உண்மை. மூன்றும் சேர்ந்து ஒரு பொய்! ஒவ்வொருவரும் தத்தம் அதிகாரத்தின் எல்லையைச் சுட்டிக்காட்டினரே அன்றி, அந்த எல்லைக்குள் தாம் செய்யக்கூடியதைச் சொன்னாரில்லை.

சொல்லாததைச் சட்டம் சொல்கிறது. கூட்டரசின் நோக்கத்துக்கு ஒரு மாநிலத்தில் நிலம் தேவை என்றால், எவருக்கும் உரிமையாக்கப்படாத நிலத்தை, மாநில அரசைக் கலந்துகொண்டபின் வழங்குமாறு கோர 83ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. கல்வி கூட்டரசின் நோக்கமன்றி வேறென்ன? தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்காக இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ள 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் மாநில அதிகாரத்துக்கு இடம் தருகிறது. நெடுஞ்சாலை பொதுத் தேவையாயின், பள்ளி பொதுத் தேவை ஆகாதா? பிற சமூகங்களின் மொழியைப் பேணவும் கற்கத் துணைநிற்கவும் கூட்டரசுக்கும், எந்த மாநில அரசுக்கும் உள்ள உரிமைக்குக் குறைவு நேராது என்று 152ஆம் பிரிவு உரைக்கிறது. மாநில அரசு என்ற சொல் அங்கே வீணாக இடம்பெறவில்லை. ஆகவே, கையில் அதிகாரம் இல்லை என்பது விடையன்று. மனமில்லை என்பதன் மறுபெயர். அதை எதிரே நின்று சொல்வதற்குச் சட்டம் தெரிந்த நா வேண்டும்.

அமெரிக்க நாட்டின் வரலாறு இங்கே நல்ல கண்ணாடி. 1787இல் பிலடெல்பியாவில் வரையப்பட்ட அவர்களது அரசமைப்பு, மத்திய அரசின் அதிகாரங்களை எண்ணி வைத்தது. 1791இல் சேர்க்கப்பட்ட பத்தாம் திருத்தம், அதற்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்றது. மலேசியாவுக்கு நேர்மாறாக, அங்கே கல்வி மாநிலத்தின் பொறுப்பு. தென் மாநிலங்கள் அப்பொறுப்பைக் கொண்டே கறுப்பினக் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கின. அம்மக்கள் மாநில மன்றங்களின் கதவையே தட்டிக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் நின்றிருப்பர். அவர்கள் 1868இல் வந்த பதினான்காம் திருத்தத்தைப் படித்தனர். எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கலாகாது என்ற அதன் சொற்களைக் கையில் ஏந்தி மத்திய நீதிமன்றங்களின் கதவைத் தட்டினர். 1954இல் உச்ச நீதிமன்றம், பள்ளியில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில், மலாயா விடுதலை பெற்ற மறுமாதமே, லிட்டில் ராக் நகரில் ஆளுநர் ஃபாபஸ் ஒன்பது மாணவர்களைத் தடுத்தபோது, குடியரசுத் தலைவர் ஐசனோவர் மத்தியப் படையை அனுப்பி அவர்களைப் பள்ளிக்குள் சேர்ப்பித்தார். எண்ணிக்கையில் சிறியோர் அதிகாரத்தின் வரைபடத்தைக் கற்றிருந்ததால் பெற்ற வெற்றி அது.

இந்நாட்டிலும் அதற்குச் சான்று இல்லாமலில்லை. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. பள்ளிகளைக் காத்தது கண்ணீரன்று. 152ஆம் பிரிவின் வாசகம்.

படியாத சமுதாயம் தன்னிடமிருந்து எது பறிபோயிற்று என்பதையும் அறியாது. ஈப்போவில் சீனிவாசகம் உடன்பிறப்புகளின் மக்கள் முற்போக்குக் கட்சி நகரமன்றத் தேர்தலில் வென்று ஆட்சி நடத்திய காலம் ஒன்றிருந்தது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சிகளை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீள வேண்டும் என்பதே அவ்வாணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை ஒழித்தது. மாநிலப் பட்டியலில் உள்ள ஊராட்சியை மாற்றியமைத்தது நாடாளுமன்றத்தின் சட்டம்! பீடோர்க் கடைத்தெருவின் குப்பையையும் வடிகாலையும் கவனிக்கும் மன்றத்தினர் இன்று வாக்கால் வருவோரல்லர், நியமனத்தால் வருவோர்.

மேலவையின் கதையும் அதுவே. 1957இல் மாநிலங்கள் தேர்ந்தெடுத்த செனட்டர்கள் 22 பேர். நியமனம் பெற்றோர் 16 பேர். இன்று மாநிலங்களின் சார்பில் 26 பேர். நியமனம் பெறுவோர் 44 பேர். மாநிலங்களின் குரலுக்காக எழுப்பிய அவையில் மாநிலங்களே சிறுபான்மை! அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டின் பதினேழாம் திருத்தம் செனட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மக்களிடமே கொடுத்தது. மலேசிய அரசமைப்பின் 45ஆம் பிரிவும் நேரடித் தேர்தலுக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. அவ்வழியில் இதுவரை எவரும் நடக்கவில்லை.

அரசமைப்பு வழக்கறிஞரின் பாடு. தமிழாசிரியருக்கு அதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. பள்ளியின் நிலம் பறிபோகும்போது முதலில் வேலை இழக்கும் அபாயம் வழக்கறிஞருக்கா, ஆசிரியருக்கா? தலைவர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்போரும் உண்டு. தலைவரிடம் மகஜரும் மாலையும் கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொண்ட பின், அம்மகஜர் எந்த மேசைக்குப் போயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்? சலுகை கேட்பவனுக்குத் தலைவரின் முகம் தெரிந்தால் போதும். உரிமை கேட்பவனுக்குச் சட்டத்தின் பிரிவு தெரிய வேண்டும். சட்டம் தெரிந்துவிட்டால் உடனே நீதி கிடைத்துவிடும் என்பதில்லை. ஆனால், பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் யார் என்பது அன்றே தெரிந்துவிடும். அதிகாரத்தில் உள்ளோர் அஞ்சுவது அதற்குத்தான்.

ஆகவே, தமிழ் மன்றங்களில் பட்டிமன்றம் நடக்கட்டும், கவியரங்கம் நடக்கட்டும், ஆண்டுக்கொரு நாள் ஒன்பதாம் அட்டவணையும் நல்ல தமிழில் விளக்கப்படட்டும். மாணவன் ஒருவன் பள்ளியின் நிலப்பட்டாவைப் பார்த்து, இது யார் பெயரில் இருக்கிறது, மாற்றித் தரவேண்டியவர் யார், எந்தப் பிரிவின்படி என்று மூன்று கேள்வி கேட்கட்டும். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் அம்மூன்று விடைகளையும் எழுதிய பிறகே அடுத்த மகஜரை எழுதட்டும். கைகள் தட்டிச் சலித்தது போதும். எது கதவு, எது சுவர் என்பதைக் கண்கள் இனியேனும் காணட்டும்.