வெப்பத்தின் வரவு செலவு

மோட்டார் வண்டிகளில் மனந்தோய்ந்த இளைஞர் பலரின் உள்ளத்தில் ஓர் ஆசை குடிகொண்டிருப்பதை நாம் அறிவோம். வீட்டிலே நிற்கும் பழைய காரின் எஞ்சினுக்கு ஒரு டேர்போவைப் பூட்டிவிட்டால் அதன் வலு பன்மடங்கு பெருகிவிடுமே என்பதுதான் அவ்வாசை. ஆசையிலே தவறில்லை. கணக்கும் முழுப் பொய்யன்று. ஆயினும் வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாது விட்ட கணக்கு அது. அச்செலவின் பெயர் வெப்பம். இவ்வாரம் அதைப் பற்றியே சிறிது ஆராய்வோம்.

எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்கின்றதோ அவ்வளவுக்கே எரிபொருளை எரித்து வலுவைத் தரும். டேர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளிலும் பூட்டப்பட்ட இரு சிறு சக்கரங்களாகும். வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, மற்றச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுகின்றது. சுவிற்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளராகிய அல்பிரட் பூசி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். வீணாகும் பொருளிலிருந்து வலுவைப் பெறுவதால் இது இலவசம் போலத் தோன்றும். ஆனால் இயற்கை எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை.

சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவர் யாவரும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பர். காற்றை அமுக்கினால் அது சூடேறும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை, வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னும் பத்தில் ஏழு பங்கு ஏற்றி டேர்போ அனுப்புமாயின், அக்காற்று ஏறத்தாழ 100 பாகை செல்சியசை எட்டிவிடும். கொதிநீரின் சூட்டோடு சிலிண்டருக்குள் புகும் அக்காற்று அங்கே மேலும் நெருக்கப்படுகின்றது. அப்பொழுது, தீப்பொறியால் எரியத் தொடங்கிய கலவையின் எஞ்சிய பகுதி, சுடர் தன்னை வந்தடையுமுன் தானாகவே வெடித்துவிடும். பட்டறைகளில் 'நொக்கிங்' என வழங்குவது இதனையே. சம்மட்டி அடிபோல் விழும் அவ்வெடிப்புகள் பிஸ்டனைப் பொறுத்தவரை கொடியவை. அலுமினியம் 660 பாகையில் உருகும் உலோகம். எரியும் வாயுவோ அதனினும் பன்மடங்கு சூடானது. பிஸ்டனைக் காப்பது அதன் மேற்பரப்பையொட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலமே. நொக்கிங் அப்படலத்தைக் கலைத்துவிட்டால் பிஸ்டன் உருகித் துளைவிழுதலும் உண்டு.

இவ்வுண்மையைப் பெரிய நிறுவனங்களே விலைகொடுத்துக் கற்றன. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்பயர் என்னும் காரை வெளியிட்டது. அலுமினியத்தாலான அதன் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 215 கன அங்குலம் கொள்ளளவுடையது. டேர்போவின் துணையால் அது 215 பரிவலுவைத் தந்தது. ஆனால் அதனை அமைத்தோர் நெருக்கல் விகிதத்தைக் குறைக்க விரும்பவில்லை. 10.25க்கு 1 என்னும் உயர்ந்த அளவிலேயே அதனை வைத்துக்கொண்டனர். அதனால் எழும் நொக்கிங்கை அடக்க, காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த திரவமொன்றை உள்ளே செல்லும் காற்றுடன் தெளித்தனர். மண்பானை நீர் குளிர்வது எவ்விதியினாலோ அவ்விதியே இங்கும் தொழிற்பட்டது. திரவம் ஆவியாகுங்கால் சூட்டைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

உபாயம் நல்லதே. ஆனால் அத்திரவத்தை நிரப்பவேண்டியவர் காரின் சொந்தக்காரர். பெற்றோல் நிரப்ப மறவாத மனிதர் இத்திரவத்தை மறந்தனர். பாத்திரம் வெறுமையானால் டேர்போவின் அழுத்தத்தைத் தடுக்கும் ஏற்பாடு இருந்தமையால் எஞ்சின் தப்பியது. ஆனால் விலைகொடுத்து வாங்கிய வலு மறைந்தது. முறைப்பாடுகள் பெருகின. இரண்டு ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் குறைந்த கார்களே செய்யப்பட்டன. ஈற்றில் 1965ஆம் ஆண்டில், டேர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் காபரேற்றரைப் பூட்டிக்கொடுக்க அந்நிறுவனம் முன்வந்தது. சூட்டை அடக்கும் பொறுப்பை இயந்திரத்தின் உறுப்பிடம் ஒப்படையாது மனிதனின் ஞாபகத்திடம் ஒப்படைத்ததே அங்கு நேர்ந்த பிழை என்பது நமது கருத்து.

பின்வந்தோர் வேறு வழியை நாடினர். 1978ஆம் ஆண்டில் சுவீடனின் சாப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 99 டேர்போ காரில் நெருக்கல் விகிதம் 7.2க்கு 1 ஆகக் குறைக்கப்பட்டது. அழுத்தம் குறித்த எல்லையை எட்டியதும் மிகைப் புகையைச் சக்கரத்தின் பக்கம் விடாது வேறு வழியால் வெளியேற்றும் 'வேஸ்ற்கேற்' என்னும் கதவும் அமைக்கப்பட்டது. இரண்டு லீற்றர் எஞ்சின் 145 பரிவலுவை ஈட்டியது. ஜேர்மனியின் போர்ஷே நிறுவனமும் 911 டேர்போவை முதலில் 6.5க்கு 1 என்னும் தாழ்ந்த விகிதத்துடனேயே வெளியிட்டது. 1978ஆம் ஆண்டில் அது பெரிய எஞ்சினுடன் வந்தபோது, அமுக்கிய காற்றைக் குளிரச் செய்யும் 'இன்டர்கூலர்' அதிற் பொருத்தப்பட்டிருந்தது. அதன்பின் விகிதத்தைச் சற்று உயர்த்தவும் இயன்றது. இக்காலத்து எஞ்சின்களோ நொக்கிங்கின் ஒலியைத் தாமே கேட்டு, தீப்பொறியின் நேரத்தைத் தாமே திருத்திக்கொள்கின்றன. ஆதலால் அவை உயர்ந்த விகிதத்தையும் தாங்குகின்றன.

இவ்வரலாறு நம் இளைஞர்க்கு உணர்த்துவது யாது? சூட்டுக்கு முதலில் இடம்பண்ணி, வலுவைக் கடைசியிற் கேட்கவேண்டும் என்பதே. டேர்போ இல்லாமல் ஓடுவதற்கென அமைந்த பழைய எஞ்சினின் நெருக்கல் விகிதம் பெரும்பாலும் உயர்ந்ததாகவே இருக்கும். அதனை ஆராயாமல் டேர்போவை வாங்குவது குதிரைக்கு முன்னே வண்டியைப் பூட்டுவதாகும். விகிதத்தைக் குறைத்தல், வார்ப்புப் பிஸ்டனுக்குப் பதிலாக அடித்துருவாக்கிய பிஸ்டனை இடுதல், இன்டர்கூலரும் ஒயிலைக் குளிர்விக்கும் கருவியும் பூட்டுதல், கூடிய காற்றுக்கு ஏற்ற எரிபொருளை ஊட்டும் ஏற்பாட்டைச் செய்தல் என்பன முந்திய வேலைகள். டேர்போவின் அளவும் கருதத்தக்கது. மிகச் சிறியது அளவுக்கு மீறிச் சுழன்று காற்றை மேலும் சூடாக்கும். மிகப் பெரியது வேகமெடுக்கத் தாமதிக்கும். எரிபொருள் குறைந்த கலவை சிக்கனமன்று. டேர்போ முழு அழுத்தத்தில் இயங்கும் வேளையில் அது எஞ்சினுக்கு யமனாகும். இவ்வளவுக்கும் பணமில்லையெனின் டேர்போ ஆசையை ஒத்திவைப்பதே அறிவுடைமை. வீட்டுக் கார் என்பது ஒருவருடைய விளையாட்டுப் பொருளன்று; தாயை வைத்தியசாலைக்கும் தங்கையைப் பள்ளிக்கும் கொண்டுசெல்லும் வாகனம் அன்றோ?

எஞ்சினை மாற்றியமைக்கும் எண்ணமே இல்லாத குடும்பத்தினர்க்கும் இதிலே செய்தியுண்டு. இன்று நம் வீதிகளில் ஓடும் சிறிய எஞ்சின் கார்கள் பலவற்றிலும், டீசல் வாகனங்களிலும் தொழிற்சாலையிலேயே டேர்போ பூட்டப்பட்டிருக்கின்றது. பெற்றோல் எஞ்சின் கடுமையாக உழைக்கும்பொழுது டேர்போவைச் சேரும் புகை 900 பாகையையும் கடக்கலாம். நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை சுழலும் அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயிற் படலமே. மலைப்பாதையில் முழு வேகத்தோடு ஏறிவந்து உடனே எஞ்சினை நிறுத்தினால் ஒயிலின் ஓட்டம் நின்றுவிடும். சக்கரத்தின் சூடோ தண்டை நோக்கிப் பரவும். அங்கே தேங்கிய ஒயில் கருகிக் கரியாகிப் பாதையை அடைக்கும். ஆகவே கடின ஓட்டத்தின் பின் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதல் நன்று. கைந்நூலில் கூறிய தரத்து ஒயிலையே, கூறிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டுமென எழுதியிருந்தால் 92 ஒக்டேனை ஊற்றி மிச்சம் பிடித்தல் வீண் மிச்சமேயாம். ஒக்டேன் எண் என்பது நொக்கிங்கை எதிர்க்கும் ஆற்றலைக் குறிப்பதன்றி வேறன்று.

ஜெட்பயரின் சொந்தக்காரரைப் பார்த்து நாம் நகைத்துவிடலாம். ஒயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடும் நாமும் அவருடைய உறவினரே. நல்ல உறுப்புகள் நம் ஞாபகத்தின் சுமையைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்கமாட்டா. பெற்ற வலுவுக்குரிய விலையை எவரேனும் செலுத்தியே தீரவேண்டும். அதனை முன்கூட்டியே, சிறுகச் சிறுக, மனமறியச் செலுத்துகின்றவரின் வண்டி நெடுங்காலம் ஓடும்.