பாரமும் பயனும்

விரைவை விரும்புவோர் பாரத்தை வெறுத்தல் இயல்பே. மெல்லிய மயிற்பீலியும் அளவு கடந்து ஏற்றப்படின் வண்டியின் அச்சை முறிக்குமென்பது வள்ளுவர் கண்ட உண்மையன்றோ? இவ்வுண்மையைத் துணைக்கொண்டு, விரைவு மோட்டார் வண்டிகளையுடையோர் சிலர் அவற்றிலுள்ள குளிர்சாதனத்தையும் வெப்பமூட்டியையும் கழற்றியெறிந்து எடையைக் குறைக்க முற்படுகின்றனர். இச்செயல் தக்கதா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். பந்தயக்களத்திற்கென்றே அமைந்த வண்டிக்கு இது தகும். பொதுச்சாலையிலும் செல்லும் வண்டிக்கு இது தகாது என்பதே எம் கருத்து.

முதற்கண் அவர்தம் வாதத்தை நடுநிலையோடு நோக்குவோம். விசை ஒன்றேயாயின், பொருளின் நிறை குறையக் குறைய அதன் முடுக்கம் மிகுமென்பது நியூட்டன் நிறுவிய விதி. எடை குறைந்த வண்டி விரைந்து புறப்படும். வளைவில் எளிதில் திரும்பும். பிரேக்கை மிதித்தால் குறைந்த தொலைவில் நிற்கும். இஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவதனால் மட்டும் இம்மூன்றும் ஒருங்கே கிட்டா. இங்கிலாந்தில் லோட்டஸ் வண்டிகளைத் தோற்றுவித்த காலின் சாப்மன் இதனையே தம் தொழிலுக்கு அடிப்படையாகக் கொண்டார். ஜப்பானிய ஹோண்டா நிறுவனத்தார் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ்.-ஆர் என்னும் வண்டியில் குளிர்சாதனம், ஒலிப்பெட்டி, மாற்றுச்சக்கரம் முதலியவற்றை நீக்கி, ஏறத்தாழ 120 கிலோ குறைத்தனர். ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் 2003-ஆம் ஆண்டில் எம்.3 சி.எஸ்.எல். வண்டியை 110 கிலோ குறைத்து அமைத்தபோது குளிர்சாதனத்தையும் வானொலியையும் நீக்கினர். எனினும் வேண்டுவோர்க்குத் தனிவிலையின்றி அவற்றைப் பொருத்தித்தரவும் இசைந்தனர். ஆகவே, இவ்வெண்ணம் பித்தர்களின் எண்ணமன்று. வல்லுநர்களும் கைக்கொண்ட நெறியே.

ஆயினும், கிட்டும் பயன் எத்துணையென எண்ணிப் பார்த்தல் வேண்டும். கம்ப்ரெஸர், கண்டென்ஸர், குழாய்கள் முதலிய குளிர்சாதன உறுப்புகள் யாவும் சேர்ந்து 20 கிலோ என்று கொள்வோம். வண்டியின் எடை 1,200 கிலோவாயின், குறைவது அறுபதில் ஒரு பங்கே. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை 6 நொடியில் எட்டும் வண்டி, இதனால் பெறும் ஆதாயம் ஒரு நொடியில் பத்திலொரு கூறு. பெட்ரோல் 25 லிட்டர் குறைவாக நிரப்பினும் ஏறக்குறைய இதே எடை குறையும்! ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்ஸரை அகற்றினால் இஞ்சினுக்குக் காற்று தடையின்றிச் செல்லுமென்பது மெய்யே. நொடியின் நூறிலொரு கூறும் வெற்றி தோல்வியை முடிவுசெய்யும் பந்தயத்தில் இவையெல்லாம் பொருட்படுத்தத் தக்கன. கடைத்தெருவிற்கும் அலுவலகத்திற்கும் செல்லும் வழியில் பத்திலொரு நொடியை யாரிடம் வென்று யாது பயன்?

இனி, வெப்பமூட்டியின் செய்தி இதனினும் முக்கியமானது. இஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய நீரின் ஒரு பகுதி சிறியதொரு ரேடியேட்டரின் வழியே ஓட, அதன்மீது வீசப்படும் காற்று வெப்பமுற்று வண்டியினுள் வருகின்றது. வீணாகப் போகும் வெப்பத்தைப் பயன்கொள்ளும் சிக்கனமான அமைப்பு இது. இதன் தலையாய பணி கால்களைக் கதகதப்பாக வைத்தலன்று. முன்கண்ணாடியிற் படியும் பனியையும் ஆவியையும் நீக்குதலே. குளிர்சாதனமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இப்பணிக்குத் துணைநிற்கின்றது. மழையிரவில் கண்ணாடி மங்கினால் எதிரே வருபவரை ஓட்டுநர் எங்ஙனம் காண்பர்? அமெரிக்காவின் வண்டிப் பாதுகாப்பு விதிகள், முன்கண்ணாடியின் பனியையும் மங்கலையும் அகற்றும் அமைப்பு ஒவ்வொரு காருக்கும் வேண்டுமென வகுத்திருத்தல் இக்காரணம் பற்றியே. சில கிலோ எடைக்காகக் கண்ணொளியை விற்றல் அறிவுடைமையாகுமா?

ஓட்டுபவரும் வண்டியின் ஓர் உறுப்பே என்பதை மறத்தலாகாது. 1987-ஆம் ஆண்டில் இத்தாலிய ஃபெராரி நிறுவனத்தார் எஃப்.40 வண்டியைப் படைத்தபோது, தரைவிரிப்பையும் ஒலிப்பெட்டியையும் விலக்கினர், குளிர்சாதனத்தையோ விலக்கவில்லை. எடையை அணுவணுவாகக் கணக்கிடும் ஃபார்முலா ஒன்று பந்தயமும் நமக்கொரு பாடம் புகட்டுகின்றது. 2023-ஆம் ஆண்டில் கத்தார் நாட்டில் நிகழ்ந்த பந்தயத்தில் வெப்பம் தாங்காது ஓட்டுநர் பலர் துன்புற்றனர். ஒருவர் இடையிலேயே ஓட்டத்தைக் கைவிட்டார். அதன்பின், கடும்வெப்பம் எதிர்பார்க்கப்படும் பந்தயங்களில் ஓட்டுநரின் உடலைக் குளிர்விக்கும் சாதனத்தைச் சுமப்பதற்கென, 2025-ஆம் ஆண்டு முதல் வண்டியின் குறைந்தபட்ச எடையை 5 கிலோ உயர்த்தினர். எடைக்கு அஞ்சும் அவர்களே மனிதனைக் காக்க எடையை ஏற்றினரெனின், வீதியிற் செல்வோர் அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டாவோ?

மற்றுமொரு தீங்குண்டு. பல வண்டிகளின் குளிர்சாதனத்திலுள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. குழாயை அறுத்து அதனை வெளியில் விடுபவர், தம் பாரத்தை உலகின் தலையில் இறக்கிவைத்தவராவர். பந்தய வண்டியிலிருந்து நீக்குவோரும் தக்க கருவியால் அவ்வாயுவைச் சேகரித்த பின்னரே நீக்குதல் கடமை.

சன்னலைத் திறந்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். திறந்த சன்னல் வண்டியின் மீது காற்றின் தடையைப் பெருக்கும். மழையையும் உள்ளே விடும். எடையைக் குறைத்தே தீரவேண்டுமென்பார்க்கு வேறு வழிகள் உள. பயனின்றிப் பின்னே கிடக்கும் பொருள்களை இறக்குக. இலேசான சக்கரங்களை மாட்டுக. ஈய மின்கலத்தை விடுத்து இலேசான லித்தியம் மின்கலத்தைக் கொள்க. இவை பிறர்க்குத் தீங்கு விளையாதன.

ஓடுபவன் தன்னைச் சூழ்ந்த சுமையைக் களைதல் வேண்டுமென எபிரெயர் நிருபமும் உவமை கூறுகின்றது. ஆனால், கண்ணையும் மூச்சையும் சுமையெனக் களைந்தோடுவார் எவருமிலர். வண்டியின் ஓர் உறுப்பைக் கழற்றுமுன், 'இதன் எடை யாது?' என்று வினவுவதோடு நில்லாது, 'இதன் பணி யாது? அது நின்றால் துன்புறுவார் யாவர்?' என்றும் வினவுவாராக. விடை கண்டபின் கருவியைக் கையிலெடுப்பாராக.