மடை யார் கையில்?

2025 பிப்ரவரியில் இராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலேயே அத்தகுதியைப் பெற்றவை. நான்கும் பாசனக் கண்மாய்கள் என்பதைப் பாராட்டுரைகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

வைகை, குண்டாறு வடிநிலங்களின் கடைமடை இது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் நாரைகளும் வருவதில்லை. பெய்தால் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை மரத்தடியில் நீர் நிற்கவேண்டும்; அதில் மீன் இருக்கவேண்டும். ஆனால் மழை ஓய்ந்த தை மாதத்தில் கதிர் முற்றும் நெல்லுக்கும் அதே நீர்தான் வேண்டும். ஆகவே பறவைகளின் பிழைப்பு, மடையை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற முடிவில் அடங்கியிருக்கிறது.

அந்த மடையைத் தலைமுறைகளாகத் திறந்து அடைத்தவர்கள் நீர்பாய்ச்சிகள். நீர்க்கட்டி என்றும் அழைப்பர். தென்மாவட்டங்களில் பல ஊர்களில் இவர்கள் தலித்துகள். சொந்த நிலமில்லாதவர் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நிலமின்மையையே தகுதியாக்கிய விசித்திர நியாயம் அது! எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் பாயும், கரை எங்கே கசியும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் அவர்கள். கூலியோ அறுவடையில் அளக்கப்பட்ட நெல். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் நிலவுடைமைச் சாதிகளிடம் இருந்தது.

இன்றைய ஏற்பாடு இதனை மாற்றியதா? 2000ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தை நிலவுடைமையின் மீது கட்டியது. ஆயக்கட்டில் நிலமில்லாதவருக்கு அங்கே வாக்கில்லை. சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கண்மாயில் வனத்துறையும் ஒரு தரப்பாகிறது. கண்மாயில் மீன் பிடித்தும் விறகு பொறுக்கியும் ஆடு மாடு மேய்த்தும் பிழைத்தவர்கள் காட்டுவதற்குப் பட்டா ஏது? 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் உரிமைகளை மாவட்ட ஆட்சியர் விசாரித்துத் தீர்மானிக்கவேண்டும் என்கிறது. ஆவணமற்ற வழக்காறு அவ்விசாரணையில் எளிதில் கரைந்துபோகும்.

பறவைகளை நாம் எதிரியாகக் காணவில்லை. ராம்சார் உடன்படிக்கையும் மக்களை வெளியேற்றச் சொல்லவில்லை. ஈரநிலத்தை அறிவார்ந்து பயன்படுத்துவதே அதன் அடிப்படைக் கோட்பாடு. இந்நான்கு கண்மாய்களின் மேலாண்மைத் திட்டங்களில் நீர்பாய்ச்சிகளுக்கும் நிலமற்றோருக்கும் வாக்குரிமையுள்ள இடம் ஒதுக்கப்படவேண்டும். மடைக் காவலுக்கு நெல்லளவு அன்று, மாத ஊதியம் வேண்டும். கூடு கட்டும் காலத்தில் எவ்வளவு நீரை நிறுத்திவைப்பது என்பதைக் கிராம சபையில், சேரி மக்களின் முன்னிலையில் முடிவுசெய்து அறிவிக்கவேண்டும்; அதனால் கூலி இழப்போருக்கு இழப்பீடும் அதே திட்டத்தில் எழுதப்படவேண்டும்.