எண்ண வேண்டியது மின்சாரமில்லாத நாள்களை அல்ல

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் கரையைக் கடந்தபின் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மக்கள் சாலை மறியலில் இறங்கினர். ஹூக்ளிக் கரையில், கார்டன் ரீச்சில், 135 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. ஆயினும் மின்சாரம் வீடு வந்து சேரக் கம்பி வேண்டும். அந்தக் கம்பிகளின்மேல் மரங்கள் விழுந்து கிடந்தன.

அத்தகைய அனுபவத்திற்குப் பின் சொந்தமாகச் சூரிய மின்சாரம் அமைக்க விரும்புவோர் வழக்கமாக ஒரு பிழை செய்கின்றனர். ஏழு நாள் மின்சாரம் இல்லையெனில் ஏழு நாளுக்கான பேட்டரி வேண்டும் என்று பெருக்கிவிடுகின்றனர். பேட்டரி ஈடுகட்ட வேண்டியது வெயில் இல்லாத நாள்களை மட்டுமே. புயல் நகர்ந்ததும் வானம் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்பி அறுந்து கிடந்தாலும் கூரைமீது வெயில் விழும். புயலுக்கு இரண்டு நாள் இருப்பு போதும். நீண்ட பருவமழைக்கு விடை கூடுதல் தகடுகளும் சிக்கனமுமே.

கணக்கு எளிது. 9 வாட் விளக்குகள் நான்கு, நாளுக்கு ஐந்து மணி நேரம்: 180 வாட்-மணி. 75 வாட் மின்விசிறிகள் இரண்டு, பன்னிரண்டு மணி நேரம்: 1800. தொலைக்காட்சி, கைபேசி முதலியவற்றுக்கு 250. ஆக 2230. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடிக்கலாகாது. இன்வெர்ட்டரில் 15 விழுக்காடு வீணாகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியாயின் இரண்டு நாளுக்கு ஆறு தேவை. ஏழு நாளுக்கோ இருபத்தொன்று!

இருபத்தொன்றின் எடை ஒரு டன்னைத் தாண்டும். கட்டிக்கொண்டிருந்த கட்டடம் ஒன்று 2024 மார்ச்சில் சரிந்து உயிர்களைப் பறித்த பகுதி கார்டன் ரீச். அங்கே மொட்டை மாடியில் இவ்வளவு ஈயத்தை அடுக்குவதை எந்தப் பொறியாளரும் ஒப்பமாட்டார். குறுகிய மாடியில் பொருந்தும் சில தகடுகளால் அத்தனை பேட்டரிகளை நிரப்பவும் இயலாது. அரைகுறையாக நிரம்பியே கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். வாங்கிய கொள்ளளவு வீணாகும். சிறிய பேட்டரி சாவது போலவே அளவுக்கு மீறிய பேட்டரியும் சாகும் என்பதை விற்பவர்கள் அரிதாகவே சொல்கின்றனர்.

பேட்டரியைக் குறைக்கும் வழி விசிறியில் இருக்கிறது. 28 வாட் பி.எல்.டி.சி. விசிறிகள் இரண்டை மாட்டினால் நாள் தேவை 1102 வாட்-மணியாகச் சுருங்கும்; ஆறு பேட்டரிகள் மூன்றாகும். இரண்டு விசிறிகளின் விலை மூன்று பேட்டரிகளின் விலைக்கு அருகில்கூட வராது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்க வசதியிருந்தால் 80 விழுக்காடு வரை வடிக்கலாம், ஏறத்தாழ 3.2 யூனிட் கொள்ளளவே போதும். கொல்கத்தாவின் கோடை வெப்பம் ஈய பேட்டரியின் ஆயுளைத் தின்னும் என்பதால் அதை மாடிக் கொட்டகையில் வைக்காமல் நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைப்பதே முறை.

சிக்கனம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. தெற்கே சாகர் தீவின் கமல்பூர் கிராமத்தில் 1996-இல் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டபோது மாலையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம் விடப்பட்டது. பேட்டரி தாங்கும் அளவிற்கு ஊர் தன் இரவை அமைத்துக்கொண்டது.