அறுபது நாள் கெடு

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது நம் வீடுகளுக்குப் பழகிப்போன ஒன்று. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்தில் உடலில் மஞ்சள் தென்படுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே தெளிந்துவிடுகிறது. இந்தப் பழக்கமே சில குழந்தைகளுக்கு எமனாகிறது. 14 நாள்கள் கடந்தும் கண்ணில் மஞ்சள் நீங்காத குழந்தையின் தாய்க்கும் அதே ஆறுதல்தான் கிடைக்கிறது: ‘இளவெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்.’

அப்படிக் காத்திருக்கவே கூடாத நோய் ஒன்று உண்டு. பிலியரி அட்ரீசியா என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்நோயில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளங்கள் சுருங்கி அடைபட்டுப்போகின்றன. வழியற்ற பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி, அதைத் தழும்பேறச் செய்கிறது. குடலில் கொழுப்பு சரிவரச் செரிப்பதில்லை. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதில்லை. வைட்டமின் கே குறைந்தால் ரத்தம் உறையாது; மூளைக்குள்ளேயே கசிவு ஏற்படலாம். பிறகு மண்ணீரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. சிகிச்சை பெறாத குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இவ்வளவு கொடிய நோய் தன் வருகையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர். அது குடலை எட்டாதபோது, கடுகு மஞ்சளாக இருக்க வேண்டிய மலம் அரிசி மாவைப் போல வெளுக்கிறது. நிறமற்றிருக்க வேண்டிய சிறுநீர், வெள்ளைத் துணியில் மஞ்சள் கறையாகப் படிகிறது. துணி அலசும் தாயோ பாட்டியோ இதை முதலில் பார்க்கிறார்கள். ஆனால், தொடக்க வாரங்களில் குழந்தை நன்றாகவே பால் குடிக்கிறது, எடையும் கூடுகிறது. அதைக் காட்டியே அவர்களின் சந்தேகம் தட்டிக்கழிக்கப்படுகிறது.

ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950களிலேயே இதற்கு வழி கண்டார். அடைபட்ட நாளங்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியை நேரடியாகக் கல்லீரலின் வாயிலில் இணைக்கும் சிகிச்சை அது. பிறந்த 60 நாள்களுக்குள் செய்தால் பித்தநீர் மீண்டும் ஓடும் வாய்ப்பு அதிகம். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. இந்தியாவிலோ பல குழந்தைகள் மூன்று மாதம் நெருங்கும்போதுதான் உரிய மருத்துவரிடம் வந்து சேர்கின்றன. அதன் பிறகு பெரும்பாலும் மிஞ்சுவது கல்லீரல் மாற்று சிகிச்சை மட்டுமே. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சை 1998இல் தில்லியில் நடந்தது. தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியைப் பெற்று உயிர்பிழைத்த அந்தத் தமிழகக் குழந்தைக்கு இருந்ததும் இதே நோய்தான். அந்தச் சாதனை போற்றுதலுக்குரியது. எனினும், எல்லாக் குழந்தைக்கும் கொடையாளர் அமைவதில்லை.

தைவான் வேறொரு பாதையைத் தேர்ந்தது. 2004 முதல் அங்கே ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலும் மலத்தின் நிறங்களைக் காட்டும் வண்ண அட்டை இடம்பெறுகிறது. எந்த நிறம் ஆபத்து என்று தாயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்நோயுள்ள குழந்தைகளில் காமாலையின்றிச் சொந்தக் கல்லீரலுடனேயே ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவை முன்பு சுமார் 27 சதவீதம். அட்டை வந்த பிறகு சுமார் 64 சதவீதம்.

தமிழகத்தில் இதற்கான கட்டமைப்பு தயாராகவே இருக்கிறது. புதன்கிழமைதோறும் துணை சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடப்படுகிறது. ‘ஒன்றரை மாத ஊசி’ ஆறாவது வாரத்தில் வருகிறது. அதாவது, கெடு முடிய இன்னும் இரண்டரை வாரங்கள் இருக்கும்போது, கிராம சுகாதார செவிலியர் குழந்தையை நேரில் பார்க்கிறார். எடை பார்க்கிறார், ஊசி போடுகிறார், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து தருகிறார். ‘மலம் என்ன நிறத்தில் போகிறது?’ என்று கேட்க அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் தவறிப்போவதற்கு அறியாமை என்று பெயர் சூட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. 14 நாள்கள் கடந்தும் மஞ்சள் நீங்காத குழந்தையை, ரத்தத்தில் நேரடி பிலிரூபின் என்னும் பித்த நிறமியின் அளவைப் பரிசோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர் தன் கடமையில் தவறுகிறார். கல்லீரல் மாற்று சிகிச்சைக்குக் காப்பீட்டில் லட்சக்கணக்கில் செலவிட அரசு முன்வருவது நல்லதே. அந்த நிலைக்குக் குழந்தை வராமல் தடுப்பது அதைவிட முதன்மையான பொறுப்பு. கர்ப்பத்தில் எதையோ தின்றதால் வந்தது என்று தாயைப் பழிப்பது கொடுமை. இந்த நோய்க்கும் அவர் உண்ட உணவுக்கும் தொடர்பில்லை.

வண்ண அட்டை ஒவ்வொரு தாயின் கையிலும் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். மலத்தின் நிறத்தைக் கேட்டுப் பதிவுசெய்வது ஒன்றரை மாத ஊசியின் பிரிக்க முடியாத அங்கமாக வேண்டும். வெளுத்த மலம் என்று தெரிந்த அன்றே, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு மாவட்டந்தோறும் தேவை. இவற்றில் பணம் இல்லாததால் நிற்கக்கூடியது எதுவும் இல்லை. வரும் புதன்கிழமை ஊசிக்காகக் காத்திருக்கும் தாயிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டாக வேண்டும்.